இ-1027 கடலோர வீடு: எதற்காகப் போகலாம், எப்படிப் பார்க்கலாம்

பிரான்ஸின் தென்கிழக்குக் கோடியில், மொனாகோவைத் தாண்டி இத்தாலி எல்லைக்குச் சற்று முன்னால் இருக்கிறது ரோக்புருன்-காப்-மார்த்தன். அந்த ஊரின் பாறைச் சரிவில் கடலைப் பார்த்து நிற்கும் வெள்ளை வீடுதான் இ-1027. 1926-இல் வேலை தொடங்கி 1929-இல் முடிந்தது. கட்டியவர் ஐலீன் கிரே. அயர்லாந்தில் பிறந்து, பாரிஸில் அரக்குப்பூச்சு வேலையிலும் அறைகலன் வடிவமைப்பிலும் பெயர் வாங்கியவர். அவர் கட்டிய முதல் வீடு இது. கூடவே இருந்து வேலை செய்தவர் ழான் பதோவிச்சி. ருமேனியாவில் பிறந்த கட்டடக் கலைஞர், கட்டடக்கலைப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர். வீட்டின் பெயர் இந்த இருவரின் முதலெழுத்துகளால் ஆனது: ஐலீனின் (Eileen) 'இ' முன்னால், ஆங்கில அகரவரிசை எண்களாக ழானின் (Jean) 'ஜே' 10, பதோவிச்சியின் 'பி' 2, கடைசியில் கிரேயின் 'ஜி' 7.

பலர் இதை "லெ கொர்பூசியே ஓவியம் தீட்டிய வீடு" என்றே கேள்விப்பட்டிருப்பார்கள். சண்டிகரை வடிவமைத்த அதே லெ கொர்பூசியேதான். 1938-இலும் 1939-இலும் பதோவிச்சியின் விருந்தாளியாக இங்கே தங்கியவர், வெறுமையாக இருந்த சுவர்களில் பெரிய சுவரோவியங்களைத் தீட்டிவிட்டுப் போனார். கிரே அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த வீட்டை விட்டு வெளியேறி, மலைப்பக்கம் காஸ்தெலார் அருகே தனக்கென்று வேறொரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. பின்னாளில் விஷயம் தெரிந்தபோது, அதை வீட்டைச் சிதைத்த செயலாகவே அவர் கருதினார்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கட்டாயம் போய்ப் பாருங்கள். ஆனால் வீட்டுக்காகப் போங்கள். ஓவியங்கள் கண்ணைப் பிடித்து இழுக்கும், அதற்காகத்தான் அவை அந்த அளவில் வரையப்பட்டன. அவற்றுக்கு முதல் பத்து நிமிடத்தைக் கொடுத்துவிட்டால், ஐரோப்பாவில் நவீனக் கட்டடக்கலை தந்த மிகக் கூர்மையான வீடுகளில் ஒன்றைப் பார்க்காமலே திரும்பிவிடுவீர்கள்.

உள்ளே போகும் வழி

கதவு தட்டி டிக்கெட் வாங்குகிற இடம் இல்லை இது. வீடும் சுற்றியுள்ள நிலமும் பிரான்ஸின் கடலோரப் பாதுகாப்பு அமைப்புக்குச் சொந்தம். 1999-இல் அது வாங்கியது. பார்வையாளர்களை அழைத்துப் போவது தேசிய நினைவுச் சின்னங்கள் மையம். 'காப் மொதேர்ன்' என்ற பெயரில் நடக்கும் வழிகாட்டிச் சுற்றில் சேர்ந்தால்தான் உள்ளே போக முடியும். இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். அறைகள் சிறியவை என்பதால் குழுவும் சிறியது, இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கோடையில் வருவதாக இருந்தால் விமான டிக்கெட் எடுக்கும்போதே இதையும் எடுத்துவிடுவது நல்லது. குளிர்காலத்தில் வழக்கமாகத் திறப்பதில்லை. எந்த மொழியில் விளக்குவார்கள் என்பதையும் பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு தெரியாமல் பிரெஞ்சுச் சுற்றில் மாட்டிக்கொண்டால் பாதி விஷயம் போய்விடும். வீட்டில் விளக்கப் பலகைகளை நம்பிப் பார்ப்பதற்கு எதுவும் இல்லை, எல்லாம் வழிகாட்டியின் வாய்ச்சொல்லில்தான்.

கூடும் இடம் ரயில் நிலையத்தின் பழைய சரக்குக் கொட்டகை. நீஸிலிருந்து வெந்திமிலியா பக்கம் போகும் வட்டார ரயிலில், மொனாகோவுக்கு அடுத்த நிறுத்தம். இங்கேதான் தவறு நடக்கிறது. இந்த ஊருக்குள் இரண்டு ரயில் நிலையங்கள் உள்ளன: ரோக்புருன்-காப்-மார்த்தன் ஒன்று, கார்னொலெஸ் இன்னொன்று. இறங்க வேண்டியது முதலாவதில். கார்னொலெஸில் இறங்கிவிட்டு "கடலோரமாக நடந்தே போய்விடலாம்" என்று நினைக்காதீர்கள். காப் மார்த்தன் முனையைச் சுற்றிக்கொண்டு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதற்குள் குழு கிளம்பிப் போயிருக்கும். நீங்கள் ஏறும் ரயில் அங்கே நிற்குமா என்பதையும் ஒருமுறை சரிபாருங்கள்.

நிலையத்திலிருந்து வீடு வரை ஏறக்குறைய 10 நிமிட நடை. கடலுக்கு மேலே போகும் ஒற்றையடிப் பாதை, நடுவில் படிகள். காரில் வீட்டு வாசல்வரை போக வழியே இல்லை. கட்டும் காலத்திலும் அப்படித்தான், பொருள்களை இந்தச் சரிவில்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியிலோ குழந்தை வண்டியோடோ வருவது நடக்காது. முழங்கால் வலி உள்ளவர்கள் வீட்டுக்குள் இருக்கும் குறுகிய சுழல்படியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ போடுங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டி படுக்கையோடு வராதீர்கள். சுற்று மொத்தம் 2 மணி நேர அளவு போகும். வீட்டுக்குள் தெரியும் கழிப்பறைகள் காட்சிப்பொருள். முன்பே போய்விட்டு வாருங்கள்.

வீடு

முதலில் கவனிக்க வேண்டியது, நுழைவாயில் உங்களை உடனே உள்ளே விடுவதில்லை என்பதை. வாசலில் அச்சுத்தகடு வைத்துப் பதித்த எழுத்து, "மெதுவாக உள்ளே வாருங்கள்" என்கிறது. உள்ளே நுழைந்ததும் ஒரு தடுப்பு. அதிலேயே பொருள் வைக்கும் அலமாரியும் அடக்கம். அதைச் சுற்றிக்கொண்டு திரும்பினால்தான் பெரிய அறையும் அதற்கு அப்பால் கடலும் தெரிகின்றன. கதவைத் திறந்ததும் முழு வீட்டையும் அம்பலப்படுத்தும் திறந்த தளவமைப்பு அன்றைய நவீனக் கட்டடக் கலைஞர்களின் பெருமை. கிரே அதை ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டுக்குள் இருப்பவர் வெளியாளின் பார்வையில் படாமல் இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம், அந்தப் பிடிவாதம்தான் வீடு முழுக்க வேலை செய்கிறது.

மற்றபடி லெ கொர்பூசியே 1920களில் வகுத்த விதிகள் இங்கே இருக்கின்றன: தூண்கள் மேல் தூக்கிய தளம், தட்டையான கூரை, கிடைமட்டமாக நீளும் சன்னல். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு மனித உடம்பின் தேவைக்கு ஏற்பத் திருத்தப்பட்டிருக்கிறது. சன்னல்கள் திரைத்தட்டி போல மடிந்து ஒதுங்கும், முழு அறையும் திறந்துவிடும். வெளியே தண்டவாளத்தில் ஓடும் மரச்சட்டங்கள். அவற்றைச் சன்னலின் எந்தப் பகுதிக்கும் நகர்த்தலாம், காற்றை விட்டு வெயிலை மட்டும் மறைக்கலாம். மாடி முகப்பின் கைப்பிடிக் கம்பிகளில் கழற்றக்கூடிய கப்பல் பாய்த்துணி. கோடையில் கட்டினால் மறைப்பு, குளிர்காலத்தில் அவிழ்த்துவிட்டால் உட்கார்ந்திருப்பவரின் கால்வரை வெயில் விழும். எந்த அறைக்கு எந்த நேரத்து வெயில் என்று பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். படுக்கையறைக்குக் காலை வெயில். சமையலறையை வீட்டிலிருந்து ஒதுக்கி வைத்து, கண்ணாடித் தட்டிகளை மடித்தால் திறந்தவெளிச் சமையலறையாகும்படி செய்திருக்கிறார். வாடையும் சூடும் உள்ளே வராது.

பெரிய அறையில் வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கும்போது சுவரோரம் பாருங்கள். உட்காரவும் சாப்பிடவும் விருந்தாளி தூங்கவும் அந்த ஒரே அறை. மூலையில் ஒதுக்குப்புறமாகச் சிறு படுக்கை, தடுப்புக்குப் பின்னால் குளிக்குமிடம். சுவரில் பெரிய கடல் வரைபடம், அதன் மேல் "பயணத்துக்கு அழைப்பு" என்ற அச்செழுத்து. அலமாரிக் கதவுகளில் தொப்பிகள், தலையணைகள் என்று உள்ளே இருப்பதை எழுதி வைத்திருக்கிறார். அழகுக்காகச் சேர்த்த வாசகங்கள் என்று எடுத்துக்கொண்டு கடந்துவிடாதீர்கள்: முதல் முறை வந்த விருந்தாளி யாரையும் கேட்காமல் தன் காரியத்தைப் பார்த்துக்கொள்ள முடிகிறது, அதுதான் அவற்றின் பயன்.

அறைகலன்கள் இந்த வீட்டோடு சேர்த்து யோசித்தவை. உலகெங்கும் நகல் செய்யப்படும் அந்த வட்டக் கண்ணாடி மேசையை இங்கேதான் அதன் இடத்தில் பார்க்க முடியும். எஃகுக் குழாய்த் தாங்கி ஒரு பக்கமாகத் திறந்திருப்பதால் படுக்கைக்கு அடியில் அடிப்பாகம் நுழையும், மேல்தட்டு மடிக்கு மேலே வரும். குழாயில் இருக்கும் துளைகளில் முளையைச் செருகி உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். படுக்கையில் உட்கார்ந்தபடி காலை உணவு சாப்பிட ஏற்ற மேசை. கடைகளில் தனியாக நிற்கும்போது அது வெறும் பளபளப்பு. இங்கே கட்டிலருகே பார்த்தால் மறுபக்கம் ஏன் கால் இல்லை என்பது ஒரு நொடியில் புரியும். கப்பல் தள நாற்காலியைத் தழுவிய சாய்வு நாற்காலி, டயர்களை அடுக்கியது போன்ற பிபெந்தம் நாற்காலி, ஒரு கைக்கு மட்டும் தாங்கி வைத்த நாற்காலி, முளையில் சுழன்று திறக்கும் இழுப்பறைகள், சுவரிலிருந்து நீண்டு வரும் படிப்பு மேசை: ஒவ்வொன்றின் அருகிலும் அது எப்படி அசையும் என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். நீங்களே தொடவோ உட்காரவோ விடமாட்டார்கள்.

ஒரு விஷயம் தெரிந்து போவது நல்லது. இங்கே நிற்பவற்றில் பெரும்பாலானவை மறு ஆக்கங்கள். அசல் அறைகலன்கள் 1990களின் தொடக்கத்தில் ஏலத்தில் போய்விட்டன. சில பாரிஸ் பொம்பிடூ மையத்தில் இருக்கின்றன. மறு ஆக்கங்கள் பழைய புகைப்படங்களையும் எஞ்சிய அசல்களையும் ஆராய்ந்து, அதே பொருள்களில் செய்யப்பட்டவை, வேலைத்தரம் உயர்வாக இருக்கிறது. ஆனாலும் அசலின் தேய்மானத்தைத் தேடி வருபவருக்கு இங்கே ஏமாற்றம்தான். குரோமியம் புதுசாக மின்னுகிறது.

சுழல்படியை அவசரமாகத் தாண்டாதீர்கள். கீழ்த்தளத்திலிருந்து கூரைவரை போகும் அது, உச்சியில் கண்ணாடிக் கூண்டாக முடிகிறது. வெளிச்சம் வீட்டின் நடுவுக்கு அங்கிருந்து இறங்குகிறது. கீழே விருந்தினர் அறையும் பணியாளருக்கான மிகச் சிறிய அறையும். வெளியே தோட்டத்தில் தரையைத் தோண்டித் தாழ்த்தி, ஓடு பதித்த வெயில் குளியல் தளம்.

ஓவியங்கள்

இனி ஓவியங்களுக்கு வரலாம். வாசலில் ஒன்று, பெரிய அறையில், கீழே தூண்களுக்கு நடுவில் என்று பரவியிருக்கின்றன. ஓவியமாக மட்டும் பார்த்தால் பலவீனமானவை என்று சொல்ல முடியாது. தூண்களுக்கு அடியில் இருப்பது எங்கள் கணிப்பில் எல்லாவற்றிலும் வலிமையானது: வண்ணம் இல்லை, ஒன்றின்மேல் ஒன்று படியும் பெண் உருவங்களின் கோடுகள் மட்டும். கோட்டின் தன்னம்பிக்கை அசாத்தியம். அது வெளிப்புறச் சுவரில், நிழலில், யாரும் உட்காராத இடத்தில் இருப்பதால் வீட்டோடு மோதவும் இல்லை.

மேலே இருப்பவைதான் பிரச்சினை. பெரிய அறையின் சுவர்கள் வெறுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சின்ன இடத்தில் தடுப்புகள் பின்வாங்கி, நகரும் அறைகலன்களும் கடல் வெளிச்சமும் முன்னுக்கு வர வேண்டும். அப்படியொரு சுவரில் ஆளுயர வண்ண உருவங்களை வைத்தால், சுவர் முன்னால் வந்து நிற்கிறது, அறை குறுகுகிறது. ஒரு சோதனை செய்து பாருங்கள்: ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக் கடலைப் பார்த்தபடி சற்று நில்லுங்கள், பிறகு திரும்புங்கள். அறையின் அளவு மாறுவதை உடம்பே சொல்லும். வாசல் ஓவியம் இன்னும் மோசம். மெதுவாக வா என்று சொல்லும் வாசலில் அது உரக்கப் பேசுகிறது.

இதில் அறியாமைக்கு இடமில்லை. 1938-இல் லெ கொர்பூசியே இந்த வீட்டைப் பாராட்டிக் கிரேக்குக் கடிதமே எழுதியிருக்கிறார். யாருடைய வீடு, என்ன மாதிரி வேலை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். ஆனாலும் பின்னால் இந்த ஓவியங்களைப் பத்திரிகையில் வெளியிட்டபோது கிரேயின் பெயர் இல்லை. பல பத்தாண்டுகள் இந்த வீடு பதோவிச்சியின் பெயரிலும் சில சமயம் லெ கொர்பூசியேயின் பெயரிலும் உலவியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் அழித்துவிடலாமா? கூடாது. 1956-இல் பதோவிச்சி இறந்தார். வீட்டை வாங்க ஆள் பிடித்துக் கொடுத்ததும், வீடு இடிபடாமல் இருந்ததும் லெ கொர்பூசியே தன் ஓவியங்களைக் காப்பாற்ற நினைத்ததால்தான். வீட்டைக் காயப்படுத்திய அதே சுவர்ப்பூச்சுதான் வீட்டைக் காத்தது. பழுதுபார்ப்பில் வீட்டை 1929 நிலைக்குத் திருப்பி, ஓவியங்களை மட்டும் 1938–39-இன் சாட்சியாக விட்டிருக்கிறார்கள். எந்த ஒரு நாளிலும் வீடு இப்படி இருந்ததில்லை என்பது உண்மை. இருந்தும் சரியான முடிவு இது என்றே சொல்வோம், வழிகாட்டி இந்த முரணை மறைக்காமல் எடுத்துச் சொல்லும்வரை.

ஓவியங்களைக் கிட்டத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நீங்கள் பார்க்கும் பூச்சு முழுக்க 1939-இன் தூரிகை அல்ல. போர்க்காலத்தில் படையினர் இங்கே தங்கியபோது சுவர்களில் குண்டு பாய்ந்தது. 1949-இல் லெ கொர்பூசியே திரும்பி வந்து தன் ஓவியங்களைத் தானே சரிசெய்தார். அதன் பிறகும் பழுதுபார்ப்புகள் நடந்தன. கடலோரச் சுவரில் ஓவியம் நிலைக்காததற்குக் காரணம் உப்பு. ஈரம் சுவருக்குள் உப்பைக் கரைத்துக் கொண்டுவருகிறது. காயும்போது பூச்சுக்கு அடியில் உப்பு படிகமாகி விரிந்து, வண்ணத்தைச் செதில் செதிலாகத் தள்ளுகிறது.

கான்கிரீட்டுக்கும் அதே எதிரி. மெல்லிய தளம், மெல்லிய தூண், உள்ளே வைத்த இரும்புக் கம்பிக்கு மேலே போதாத கான்கிரீட் மூடல். உப்புக்காற்றின் குளோரைடு கம்பியை எட்டியதும் துரு தொடங்குகிறது. துரு அசல் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடிக்கும். உடைந்த இடத்தில் மட்டும் புதுக் கலவை பூசினால் போதாது. ஒட்டின் ஓரத்தில், பழைய உப்பேறிய கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். இந்த வீட்டின் பழுதுபார்ப்பு பல கட்டங்களாக நீண்டதற்கும், முதல் கட்ட வேலைகள் கடுமையாக விமர்சிக்கப்பட்டதற்கும் பின்னால் இந்த மாதிரிச் சிக்கல்கள் உண்டு. 2021-இல் திறந்தபோது இருந்த வெண்மை இனியும் பராமரிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும். தூண்களின் அடியையும் கைப்பிடிக் கம்பிகள் தளத்தில் இறங்கும் இடத்தையும் பாருங்கள், முதல் துருக்கறை அங்கேதான் வரும்.

சுற்றில் மற்றவை

அதே டிக்கெட்டில் மேலே மூன்று இடங்கள். ரெபுதாத்தோ என்ற குழாய் வேலைக்காரர் 1949-இல் திறந்த 'எத்துவால் த மேர்' என்ற சிற்றுணவகம்; அதை ஒட்டி லெ கொர்பூசியே தனக்குக் கட்டிக்கொண்ட கபனோன் என்னும் மரக்குடில்; 1957-இல் அவர் வடிவமைத்த 5 விடுமுறை அறைகள். கடைசியில் உள்ளதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம்.

குடில் வேறு விஷயம். 1952-இல் எழுந்தது, 3.66-க்கு 3.66 மீட்டர், உயரம் 2.26 மீட்டர், கையைத் தூக்கி நிற்கும் மனிதனின் உயரம் என்று அவர் வகுத்த அளவு. பலகைப் பாகங்கள் கோர்சிகாவில் செய்யப்பட்டு இங்கே பூட்டப்பட்டன. வெளியே பட்டையோடு கூடிய மரக்கட்டை, உள்ளே ஒட்டுப்பலகை. சமையலறை இல்லை, பக்கத்து உணவகத்துக்கு நேராக ஒரு கதவு. சன்னல் மடிப்புக் கதவுகளில் கண்ணாடி பதித்திருக்கிறது, கடல் அறைக்குள் வருகிறது. 2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில், சண்டிகரின் தலைமையகக் கட்டடத் தொகுதி சேர்ந்த அதே வரிசையில், இதுவும் சேர்ந்தது. உள்ளே ஒரே நேரத்தில் சிலர்தான் நிற்க முடியும், எனவே வரிசையில் காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்தினால் மேசையின் சாய்வையும் அலமாரிகளின் அளவையும் தவறவிடுவீர்கள். வெளியே வந்ததும் கீழே பாருங்கள். குடிலும் விடுமுறை அறைகளும் கிரேயின் வீட்டுக்கு மேலே, அதைக் குனிந்து பார்க்கும் இடத்தில் இருக்கின்றன. அந்தரங்கத்தைக் காக்கவென்றே திட்டமிட்ட வீட்டுக்கு இது இரண்டாவது அடி.

குறை சொல்ல வேண்டுமானால் ஒன்றே ஒன்று: நேரப் பங்கீடு. நான்கு இடங்களையும் ஒரே சுற்றில் அடைப்பதால் வீட்டுக்குக் கிடைக்கும் நேரம் போதவில்லை. வீட்டில் தனியாகத் திரிய அனுமதி இல்லாததால் கடைசி ஆளாக அறையை விட்டு வெளியே வாருங்கள். அந்த அரை நிமிடங்களில்தான் அறை ஆளில்லாமல் கிடைக்கும்.

சுவரோவியத்துக்காகவே இந்தக் கடற்கரைக்கு வருபவர்கள் சேன்-ழான்-காப்-ஃபெராவில் இருக்கும் சாந்தோ சோஸ்பிர் வில்லாவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1950-இல் வீட்டுக்காரர் ஃபிரான்சின் வைஸ்வெய்லரின் விருந்தாளியாக வந்த பிரெஞ்சுக் கவிஞரும் ஓவியருமான ழான் கொக்தோ, கணப்பு அடுப்புக்கு மேலே அப்பல்லோவின் தலையை வரைந்து தொடங்கி, நாளாவட்டத்தில் சுவர்களையெல்லாம் நிரப்பினார். மெல்லிய கோடு, லேசான வண்ணம். சுவர் சுவராகவே இருக்கிறது. வீட்டுக்காரர் சம்மதத்தோடு, அவர் குடியிருக்கும்போதே நடந்த வேலை என்பது ஒவ்வொரு அறையிலும் தெரியும். ஆனால் அது தனியார் சொத்து, எப்போதும் திறந்திருக்கும் என்று எண்ணிப் போகக் கூடாது, முன்கூட்டி விசாரியுங்கள். முடியாவிட்டால் அதே ரயில் பாதையில் வில்ஃபிரான்ஷ்-சுர்-மேர் நிலையத்தில் இறங்கினால், துறைமுகத்தை ஒட்டி கொக்தோ வண்ணம் தீட்டிய மீனவர்களின் புனித பேதுரு சிற்றாலயம் இருக்கிறது. மோந்தோன் நகரமன்றத்தின் திருமண மண்டபத்திலும் அவருடைய ஓவியங்கள் உண்டு.

இ-1027-க்கு டிக்கெட் கிடைக்காமல் போனாலும் ரோக்புருனில் இறங்குவது வீண் இல்லை. கடலோரப் பாதை பொதுவழி, கட்டணம் இல்லை. வீட்டுக்கு மேலே போகும் பாதையிலிருந்து கூரையும் படிக்கட்டுக் கண்ணாடிக் கூண்டும் மரங்களுக்கு இடையே துண்டு துண்டாகத் தெரியும். முழு முகப்பைப் பார்க்க வேண்டுமானால் கீழே கபே (Cabbé) என்ற கடற்கரைக்கு இறங்குங்கள். கூழாங்கல் கரை, வெறுங்காலில் நடக்க முடியாது. அங்கிருந்து பார்த்தால் தூண்கள்மேல் நீளும் வெள்ளைத் தளம், பாய்த்துணி கட்டிய முகப்பு, பின்னால் எலுமிச்சை மரங்கள் இருக்கும் சரிவு எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். சுவரோவியம் ஒன்றுகூடக் கண்ணில் படாது.